சர்க்கரையைக் கேட்கிறீர்கள், குடியைக் கேட்பதில்லை: அரசு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசு மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும்

வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு தன்னார்வலர் வந்தார். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து, என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்த்தார். பிறகு கைப்பேசியைத் திறந்துவைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா? இல்லை. பிரஷர்? யாரும் பார்த்ததில்லை. மாரடைப்பு, பக்கவாதம்? இல்லை. அப்பா எப்படி இறந்தார்?

"குடித்து" என்றேன்.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். "சரி சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் சொன்ன பதிலை எழுத அவரிடம் கட்டம் இல்லை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெயிலில் நடந்து வந்த பிள்ளை. மோர் கொடுத்துத்தான் அனுப்பினோம். ஆனால் அந்த இல்லாத கட்டம் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் டெல்டாவில் ஒரு சிற்றூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வயது 53. என் அப்பா 1986-இல், 41 வயதில், ஈரல் கெட்டு இறந்தார். நான் 19 வயதில் குடிக்கத் தொடங்கி 39 வயதில் நிறுத்தினேன். நிறுத்தி 14 ஆண்டுகள் ஆகின்றன. என் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு 16 வயது. குடி பரம்பரையாக வருமா என்ற கேள்வி எனக்குப் பட்டிமன்றத் தலைப்பு அல்ல என்பது புரியத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1981-இல் சாராயக் கடைகள் மறுபடி திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா அரிசி மில்லில் மேஸ்திரி. இரவில் அவர் எந்த நிலையில் வருகிறார் என்பதை நாங்கள் காதால்தான் தெரிந்துகொள்வோம். சைக்கிள் ஸ்டாண்டு ஒரே மிதியில் விழுந்தால் பயமில்லை, பாடம் படிக்கலாம். இரண்டு மூன்று மிதி மிதித்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளே சுவரோடு சரிகிற சத்தம் கேட்டால் அம்மா எங்களைக் கொல்லைப்புறமாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலமும் தொட மாட்டார். அந்த நாட்களில் அவரைப்போல ஒரு அப்பா அந்தத் தெருவிலேயே கிடையாது. மாலையைக் கழற்றிய அன்றே ஸ்டாண்டுச் சத்தம் மாறிவிடும்.

கடைசியில் வயிறு பானையாக ஊதி, கண் மஞ்சளாகி, கால் வீங்கிப் படுத்தார். ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வயிற்றில் ஊசி செருகி நீர் இறக்குவார்கள். அது வாளியில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கஞ்சித் தூக்கைப் பிடித்தபடி, அண்ணனும் நானும் தங்கையும் கட்டிலோரம் நிற்போம். மருத்துவர் வருவார். அம்மாவிடம், "இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் ஆள் பிழைக்க மாட்டார்" என்பார். எங்களிடம் "ஓரமாக நில்லுங்கள்" என்பார். அந்த மூன்று வாரத்தில் எங்கள் மூவரிடமும் மருத்துவம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

கருமாதிப் பந்தியில் என் பெரியப்பா என்னைக் காட்டிப் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "இவன் நடையைப் பார், அச்சு அசல் அவன்தான். சுரை போட்டால் அவரை முளைக்குமா?" அதற்குப் பிறகு எத்தனையோ வாய்களில் அதைக் கேட்டுவிட்டேன். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அப்பன் புத்தி. பந்து விளையாடிவிட்டுத் தாமதமாக வந்தால் அப்பன் புத்தி. குடி வழிவழியாக வரும் என்பது ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மருத்துவத்துக்கும் தெரிந்திருந்தது. ஊர் அதை வசவாகச் சொன்னது. மருத்துவம் தன்னோடு வைத்துக்கொண்டது. ஒரு செய்தியாக, எனக்குப் பயன்படும் ஒரு தகவலாக, யாரும் அதை என் கையில் கொடுக்கவில்லை.

அப்போது ஆய்வு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளைக் கொண்டு டொனால்டு குட்வின் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1973-இலேயே வெளிவந்துவிட்டது. பிறந்த சில வாரங்களிலேயே வேறு வீட்டுக்குப் போய், பெற்ற தகப்பன் குடிப்பதைக் கண்ணாலும் பார்க்காமல் வளர்ந்த ஆண்கள். பெற்றவர் குடிநோயாளியாக இருந்த 55 பேரில் 10 பேர் குடிநோயாளி ஆனார்கள். அப்படி இல்லாத 78 பேரில் 4 பேர். நூற்றுக்கு 18-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம். சைக்கிள் ஸ்டாண்டுச் சத்தத்தையே கேட்காத பிள்ளைகளிடமும் அது வந்தது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன செய்தி. வளர்ப்பு மட்டுமே காரணம் என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகப் படியுங்கள். 55 பேரில் 45 பேர் ஆகவில்லை. என் பெரியப்பாவின் சுரைக்காய் ஆரூடத்துக்கு அந்த 45 பேரே பதில்.

அதன் பிறகு பல நாடுகளில் இரட்டையர்களை வைத்தும் தத்துப் பிள்ளைகளை வைத்தும் ஆய்வுகள் நடந்தன. 2015-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், பிறப்பின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று வந்தது. இந்தப் 'பாதி'யைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். என் மகன் குடிநோயாளி ஆக நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த ஆபத்தில் மனிதருக்கு மனிதர் இருக்கும் ஏற்றத்தாழ்வில் பாதி பிறப்பால் வருகிறது, மீதி வாழ்க்கையால் வருகிறது, அவ்வளவுதான். 'குடி மரபணு' என்று தனியாக ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன வேறுபாடுகள் பல சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கின்றன. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரே நாளில், ஒரே கம்பியில் இரண்டு மோட்டார் கட்டிக் கொடுப்பேன். ஒன்று வோல்டேஜ் இறங்கிய ஊரில் ஓடி ஆறு மாதத்தில் கருகித் திரும்பி வரும். மற்றது பத்து வருடம் தண்ணீர் இறைக்கும். கட்டும்போதே கம்பி மெலிந்த மோட்டாராக இருந்தால், "வோல்டேஜ் குறைந்தால் போடாதீர்கள்" என்று விவசாயியிடம் சொல்லித்தான் அனுப்புவேன். சொல்லாமல் அனுப்பினால் அது தொழில் துரோகம்.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பாததால் நடந்ததையும் கேளுங்கள். 1991-இல் நண்பனின் அக்கா திருமணத்துக்கு முந்தைய இரவு, முதல்முறையாகக் குடித்தேன். கூட இருந்தவர்கள் மூன்றாவது கிளாஸில் தள்ளாடினார்கள், வாந்தி எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான்தான் ஒவ்வொருவராகத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மறுநாள் மண்டபம் முழுக்க அதே பேச்சு: "அவனுக்கு ஏறவே இல்லை, இரும்பு உடம்பு." அதுவரை அப்பன் புத்தி என்று மட்டுமே கேட்ட காதுக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அது பாராட்டு அல்ல, அபாய மணி என்று அறிந்தேன். கலிபோர்னியாவில் மார்க் ஷுக்கிட் என்ற ஆய்வாளர், குடிநோயாளிகளின் மகன்களாகிய இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, உடல் எவ்வளவு தள்ளாடுகிறது, எவ்வளவு போதை தெரிகிறது என்று குறித்துவைத்தார். சுமார் பத்தாண்டுகள் கழித்து அவர்களையே தேடிப்பிடித்துப் பார்த்தார். 1994-இல் வெளியான முடிவு இது: எளிதில் போதை ஏறாதவர்களில் நூற்றுக்கு 56 பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் 14 பேர்தான். மற்றவர்களுக்கு மூன்றாவது கிளாஸில் உடம்பே "போதும்" என்று சொல்லிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. அதனால் அதிகம் குடிக்கிறோம், அதிகம் குடிப்பவர்களோடு சேர்கிறோம், உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. நம் ஊரில் எத்தனை திருமண மண்டபங்களில் எத்தனை பையன்களை இந்த நிமிடமும் "இரும்பு உடம்பு" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பார்களோ!

இதற்கு நேர்மாறான உடம்பும் உண்டு. சீனா, ஜப்பான், கொரியாவில் பலருக்கு ஒரு மரபணு மாறுபாட்டால் மது உடம்பில் பாதி வழிவரைதான் உடைகிறது. அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அப்படிப்பட்டவர்களிடம் குடிநோய் குறைவு. நம்மவர்களிடம் அந்த மாறுபாடு அரிது. நீங்கள் போதை மீட்பு வார்டில் கொடுக்கும் டைசல்பிரம் மாத்திரை செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். அவர்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்ததை எங்களுக்கு மாத்திரையில் தருகிறீர்கள். (இந்த மாத்திரையைக் கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தெரியாமல் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதை அந்தப் பெண்களுக்கு நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.)

என் கதையின் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல், காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாமல் மெல்லிய கம்பியைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. ஒருநாள் குடிக்காமல் இருந்து பார்த்ததில் வலிப்பே வந்துவிட்டது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. வார்டில் சேர்த்தார்கள். அங்கே ஒரு மனநல மருத்துவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "அப்பாவுக்கு இந்தப் பழக்கம் உண்டா?" 39 வயதில் என்னிடம் முதல்முறையாக ஒரு மருத்துவர் அதைக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் அதை ஏதோ போதை இறங்கும் அறிகுறி என்று எடுத்துக்கொண்டிருப்பார். உண்மையில் கட்டிலோரம் கஞ்சித் தூக்கோடு நின்ற பையனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 25 ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்ததே என்றுதான் அழுதேன்.

அங்கிருந்து வெளியே வந்ததும் குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அந்த இயக்கம் எங்கள் ஊர்ச் சர்ச்சுக் கூடம்வரை வந்திருக்கிறது. ஒருநாள் ஒரு மூத்தவர், "யாருக்கெல்லாம் அப்பா குடித்தார்?" என்று கேட்டார். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. யாருக்கும் முன்கூட்டியே சொல்லப்படவில்லை.

என் அண்ணனுக்கும் அதே அப்பாதான். ஸ்டாண்டுச் சத்தத்துக்குப் பயந்த அதே காதுகள்தான். அவர் தொடவே இல்லை, அதனால் அவர் உடம்பில் என்ன இருக்கிறது என்பது வெளிப்படவே இல்லை. தங்கையும் தொட்டதில்லை, எங்கள் தெருவில் பெண்கள் குடிப்பதில்லை என்பதால். ஆனால் அவளுடைய மகன் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான். அம்மா வழித் தாத்தாவின் குடியை யார் கேட்கிறார்கள்? வரன் பார்க்கும்போதுகூடப் பையனின் அப்பா குடிப்பாரா என்றுதான் விசாரிக்கிறோம். குடிக்காத பெண் வழியாகவும் அது அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது நம் விசாரணையில் வருவதே இல்லை.

இப்போது உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். கடையை மூடுங்கள் என்று கேட்கவில்லை. 2024-25-இல் 48,344 கோடி ரூபாய் வருமானம் பார்த்த கடைகளை மூடுவது உங்கள் கையில் இல்லை, அந்தக் கடிதத்தை வேறு முகவரிக்கு எழுத வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஒரு கட்டம். சர்க்கரை, பிரஷர், மாரடைப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வரி: "ரத்த உறவில் யாருக்காவது குடியால் உடம்போ வாழ்க்கையோ கெட்டதுண்டா?" அப்பா வழி, அம்மா வழி இரண்டும். திண்ணையில் தெரு கேட்க வேண்டாம், உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். சொல்கிறவர் தலை குனிந்தாலும் கேட்கிறவர் குனியாமல் இருங்கள்.

அடுத்தது, ஈரல் வார்டிலும் போதை மீட்பு வார்டிலும் அப்பாக்கள் படுத்திருக்கும்போது, கட்டிலோரம் பிள்ளைகள் நிற்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லாதீர்கள். அவர்களைத் தனியாக அழைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். 1986-இல் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால்:

"தம்பி, இங்கே வா. உன் அப்பாவுக்கு வந்திருப்பது ஒரு நோய். நீயோ அம்மாவோ அதற்குக் காரணம் இல்லை. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் உடம்பு உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தாலும் நீ குடிகாரன் ஆகிவிடுவாய் என்று விதி இல்லை, பெரும்பாலானவர்கள் ஆவதில்லை. ஆனால் மற்றப் பையன்கள் விளையாட்டாகச் செய்வது உனக்கு விளையாட்டு அல்ல. தொடாமல் இருந்தால் மிகவும் நல்லது. என்றைக்காவது குடித்து, எல்லோரும் விழுந்தபிறகும் நீ மட்டும் நின்றால், அதைப் பெருமையாக நினைக்காதே. அன்றைக்கே இங்கே வா."

இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். முடிந்தால் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய தேசியக் கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்தில் நான்கு பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதாகவும், 20 வயதுக்குமேல் தொடங்கியவர்களில் பத்தில் ஒருவர் அப்படி ஆனதாகவும் 1997-இல் தெரியவந்தது. நம் மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் கடைக்காரர் மதிக்கிறாரோ இல்லையோ, காரணம் தெரிந்த பையன் மதிப்பான்.

இதைச் சொன்னால் பிள்ளையின் மனம் உடைந்துவிடாதா என்று சில செவிலியர்கள் கேட்டார்கள். குடிகாரன் மகன் என்று பள்ளியிலிருந்து பந்திவரை கேட்டு வளரும் பிள்ளைக்குப் புதிதாக உடைய என்ன இருக்கிறது? இன்னொரு அச்சம் எனக்கே உண்டு. "எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது, நான் என்ன செய்ய?" என்று என் மனைவியிடம் நானே சாக்குச் சொல்லியிருக்கிறேன், பலமுறை. பரம்பரை என்பதை விதி என்று காதில் வாங்கியதால் வந்த வினை அது. சர்க்கரை பரம்பரையாக வரும் என்று நீங்கள் சொன்னபோது யாரும் வெல்லத்தை அள்ளித் தின்னத் தொடங்கவில்லையே. நடக்கப் போனார்கள், அரிசியைக் குறைத்தார்கள். ஒரு மருத்துவர் தாழ்ந்த குரலில், ஏளனம் இல்லாமல் சொன்னதால்.

2019-இல் வெளியான தேசியப் போதைப் பழக்க ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைவரை போய்ச் சேர்கிறார். மீதி 37 பேர் உங்கள் கண்ணிலேயே படுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளாவது காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் உங்களிடம் வருகிறார்கள்.

கடந்த ஜூலையில் என் மகனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா, வாளி, மண்டபம், வலிப்பு, டென்மார்க் எல்லாம். பொறுமையாகக் கேட்டான். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்படியென்றால் நான் எவ்வளவு குடித்தாலும் தள்ளாட மாட்டேனா அப்பா?" கேட்கும்போது அவன் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது. 1991-இல் என் கண்ணில் இருந்திருக்கக்கூடிய அதே மினுக்கம். நான் ஏதேதோ சொன்னேன். தகப்பன் சொன்னால் அது கதையாகிவிடுகிறது.

பிரஷர் மாத்திரை வாங்க அடுத்த மாதம் முதல் வாரம் வருவேன். அவனையும் அழைத்து வருகிறேன். பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
குடிநோயாளி ஒருவரின் மகன், 16 வயதுப் பையன் ஒருவனின் அப்பா